குடைக்கு ஆறுதல் பரிசு

பிள்ளைகளின் எழுத்துப் போட்டிக்கு நடுவராக இருப்பது பெருமையான காரியம் என்று நினைப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், போட்டி நடத்தும் சங்கத்தின் அறை. கீழே தாளிக்கும்போதெல்லாம் மேலே நாங்கள் தும்முவோம். ஏர்கோன் உண்டு, சத்தம் போடுவதற்கு மட்டும். நீள மேசையின்மேல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாகப் பிள்ளைகளின் தாள்கள் கிடக்கும்.

நான் ஆசிரியை இல்லை. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சுங்கத்துக்கான தாள்களைத் தயார் செய்வது என் வேலை. எப்போதோ சில கதைகள் எழுதி அவை அச்சில் வந்துவிட்டன. அந்தப் பாவத்துக்கு என்னை எழுத்தாளர் என்று சொல்லி இந்த மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. மாணவர் குறைந்து மூடப்போன ஒரு தமிழ்ப்பள்ளிக்காக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தவர். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் அவரோடு சண்டை போடுவேன். இன்னொருவர் ஓர் ஆசிரியை. அவர் எழுதிய மாதிரிக் கட்டுரைப் பயிற்சி நூல் கிள்ளான் பக்கம் தமிழ்ப்பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் இருக்கும். நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் உருளைக்கிழங்கு மசாலா வைத்து வீட்டில் சுட்ட காரிபாப்பை ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவார். பிள்ளைகளின் தாள்களைப் படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு தாயின் மலர்ச்சி தெரியும். தெரியாமல் என்ன செய்யும், பாதி வரிகள் அவருடையவை.

நான் சொல்ல வந்த வருடத்தில் தலைப்பு தன்கதை. எங்கள் நாட்டுத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் தன் வாழ்க்கையைத் தானே சொல்ல வேண்டும். நான் ஒரு பேனா, நான் ஒரு காலணி, நான் ஒரு மிதிவண்டி. பொருள் எதுவானாலும் அதன் தலையெழுத்து ஒன்றுதான். தொழிற்சாலையில் பிறக்கும். லோரியில் ஏறும். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரும். ஒரு நல்ல எசமான் வாங்கிப் போய்க் கண்ணை இமை காப்பது போல் காப்பார். பிறகு உடையும், கிழியும், குப்பைத்தொட்டிக்குப் போகும். அங்கே கிடந்தபடியே, இதுவரை என் கதையைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி என்று கும்பிட்டு முடிக்கும். நானும் என் காலத்தில் ஒரு காலணியாகப் பிறந்து குப்பைக்குப் போனவள்தான்.

மதிப்பெண் தாளில் கருத்து, மொழி, மொழியணி, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். பழமொழி, உவமைத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாம் மொழியணிக் கட்டத்தில் சேரும். தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவால் அவற்றைத் தேடிப் பிடிப்பார். ‘அல்லும் பகலும்’ வந்தால் ஒரு சரி. ‘சிட்டாகப் பறந்தான்’ வந்தால் இன்னொரு சரி. தாள் முழுக்கச் சிவப்புச் சரியாக இருந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பிள்ள தேறிட்டான்” என்பார்.

எனக்கு அப்போதே மனம் வெறுத்துப்போயிருந்தது. நானும் எழுதி வெகுகாலமாகியிருந்தது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே யாரோ சொன்னதைத் திரும்பச் சொல்வதாகத் தோன்றும், மூடிவைத்துவிடுவேன். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளாவது வேறு மாதிரி எழுதுவார்கள் என்று ஓர் ஆசையில்தான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தேன். பேனாக்களும் காலணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குப்பைத்தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் வந்தது. ஒரு பக்கம்கூட நிறையவில்லை. கையெழுத்து வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

“நான் ஒரு ஹெல்மெட். நான் கறுப்பு. இந்த வீட்டில் அலமாரிக்கு மேலே இருக்கிறேன். அப்பா லோரி ஓட்டப் போகும்போது மோட்டாரில் போவார். அப்போது நான் அப்பா தலையில் இருப்பேன். அப்பா பாட்டுப் பாடுவார். வெளியே யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். இப்போது அப்பா இல்லை. அப்பா சட்டையை எல்லாம் அம்மா துவைத்து, பையில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டார். என்னை மறந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போன பிறகு பாப்பா நாற்காலி போட்டு என்னை எடுப்பாள். தலையில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்காருவாள். எனக்குள்ளே அப்பாவின் எண்ணெய் வாசம் இருக்கிறது. பாப்பா மூச்சை மெதுவாக விடுவாள். வேகமாக விட்டால் வாசம் தீர்ந்துவிடும். அம்மா இன்னும் என்னைக் கழுவவில்லை.”

அவ்வளவுதான். தொழிற்சாலை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, நன்றி இல்லை. நான் அழுதேன். லேசில் அழுகிறவள் இல்லை நான், என் கம்பெனியில் கேட்டால் சொல்வார்கள். கீழே தாளித்த மிளகாய்மேல் பழியைப் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இதற்குத்தான் முதல் பரிசு என்று அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டேன். அந்தப் பிள்ளையை மேடையில் நிறுத்தி, நீ எழுதியதுதான் எழுத்து என்று நாலு பேர் முன்னால் யாராவது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தாளைத் தலைமையாசிரியர் பக்கம் தள்ளினேன். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே போனார், திரும்ப மேலே வந்தார். பேனாவுக்கு வேலையே கிடைக்கவில்லை.

“எழுத்தாளரம்மா, இதுல மொழியணி ஒண்ணுகூட இல்லையே.”

“அதனாலதான் சார் நல்லா இருக்கு.”

“ஹெல்மெட்னு வேற எழுதிருக்கு. தலைக்கவசம்னு எழுதிருக்கணும். சரி, தலைக்கவசத்தப் பத்தி எழுதும்போது சாலைப் பாதுகாப்புப் பத்தி ஒரு வரி வேணாமா? நல்ல கருத்த சொல்றதுக்கு எவ்வளவு எடம் இருக்கு!”

பயிற்சி நூல் ஆசிரியை தாளை வாங்கிப் படித்தார். அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தாளைக் கீழே வைத்தபோது அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை, சந்தேகம் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ள எழுதுன மாதிரி தெரியல லா. பிள்ளைங்க இப்படி எழுத மாட்டாங்க. முப்பது வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியும். இது டீச்சர் எழுதிக் குடுத்தது. இல்லன்னா இப்பதான் போன்ல கேட்டா அதுவே எழுதிக் குடுக்குதே.”

அந்தச் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. கட்டுரைகளைப் பிள்ளைகள் பள்ளியிலேயே எழுதுவார்கள், ஆசிரியர்கள் அனுப்பிவைப்பார்கள். அதற்கு முந்தைய வருடம் பரிசு வாங்கிய ஒரு கட்டுரையை எழுதியது பிள்ளையே இல்லை, ஆசிரியர்தான் என்று தெரிந்து, வாட்சாப்பில் பெற்றோர் எங்களை நார்நாராகக் கிழித்திருந்தார்கள். சூடு கண்ட பூனையாகத்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; சங்கச் செயலாளரிடம் அந்த எண்ணைச் சொல்லி விசாரித்ததில், ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி என்று தெரிந்தது. தலைமையாசிரியர் அந்த வகுப்பு ஆசிரியைக்கே போன் போட்டார். அவள் எழுதியதுதான் சார், ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை என்று அந்த ஆசிரியை சத்தியம் செய்யாத குறை. போனை வைத்த தலைமையாசிரியர், “எந்த டீச்சர் இல்லன்னு சொல்வாங்க?” என்றார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “பிள்ளையக் கூப்பிட்டு நம்ம முன்னால எழுத வச்சிப் பாப்போம். சொந்தமா எழுதுற பிள்ளைன்னா எங்க உக்கார வச்சாலும் எழுதும்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டதென்ன, சந்தோஷமாகவே தலையாட்டினேன். அப்பாவின் பாட்டு ஹெல்மெட்டுக்குள் மட்டும் கேட்கும் என்று எழுதத் தெரிந்தவளுக்கு இந்த இரண்டு பேரின் வாயை அடைப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்து, மகளை மோட்டாரில் ஏற்றிக் கிள்ளான் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரயிலில் வந்திருந்தாள். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் மகளுக்குப் பள்ளிச் சீருடை போட்டு, இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னியிருந்தாள். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஏதோ பரிசுக்கு முன்னால் நடக்கிற பரீட்சை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சத எழுதுமா, பயப்படாத. சார் டீச்சர்லாம் நல்லவங்க” என்று மகளின் முதுகைத் தடவினாள்.

“வணக்கம் சார். வணக்கம் டீச்சர். வணக்கம் டீச்சர்.” சிறுமி எங்கள் மூவருக்கும் தனித்தனியாகக் கைகூப்பினாள். பயிற்சி நூல் ஆசிரியை காரிபாப்பை நீட்டினார். அவள் அம்மாவைப் பார்த்து, அம்மா தலையாட்டிய பிறகு வாங்கி, டிஷ்யூவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் குனிந்து, “அந்தக் கதைய எழுதுன மாதிரியே எழுதுமா” என்று சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். நடுவர் பேசக்கூடாதாம்.

“தலைப்பு, ‘நான் ஒரு குடை’. அர மணி நேரம். எழுதுமா.”

குடை என்றதும் அவள் முகம் தெளிந்தது. யோசிக்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. படித்த கேள்வியே வந்துவிட்ட பிள்ளையின் முகம்.

தலை தூக்காமல் எழுதினாள். சாய்வாக இருந்த கையெழுத்தை நிமிர்த்தி, மணிமணியாக எழுதினாள். பயிற்சி நூல் ஆசிரியை எழுந்துபோய் அவள் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. பிள்ளை எழுதும் முன்பே அவருக்கு அடுத்த வரி தெரிந்தது. அவர் முகத்தில் அந்தத் தாயின் மலர்ச்சி திரும்ப வந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். வணக்கம் நண்பர்களே, நான்தான் ஒரு வண்ணக் குடை. தொழிற்சாலை, லோரி, கண்ணாடிப் பெட்டி, நல்ல எசமான். கண்ணை இமை காப்பது போல். நகமும் சதையும் போல். கடைசியில் புயல், முறிந்த கம்பி, குப்பைத்தொட்டி, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஒரு பிழை இல்லை. தலைமையாசிரியரின் பேனாவுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். “ஏம்மா, அந்த ஹெல்மெட் கதை மாதிரி ஏன் எழுதல?”

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “அது போட்டிக்கு எழுதுனது இல்ல டீச்சர். அது சும்மா எழுதுனது. ரெஸ்ட் நேரத்துல எழுதி மேசைக்குள்ள வச்சிருந்தேன். எங்க டீச்சர் எடுத்து அனுப்பிட்டாங்க.”

“போட்டின்னா?”

“போட்டின்னா இந்த மாதிரிதான எழுதணும், டீச்சர்.”

எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவள்தான் எழுதினாள், யாரும் கேட்காதபோது எழுதினாள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் அதே சொல் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியர் பயிற்சி நூல் ஆசிரியையைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் அனுப்பினார் என்று பிள்ளையே சொல்லிவிட்டதாக அவர்கள் கணக்கு.

தலைமையாசிரியர் அந்த ஹெல்மெட் தாளை எடுத்துத் தாயிடம் நீட்டினார். “நீங்க இதப் படிச்சிருக்கீங்களாமா?”

அவள் படித்திருக்கவில்லை. வாங்கி, வரியின்மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். பாட்டு வரும் இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. சிறுமி காரிபாப் சுற்றிய டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் தாய் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வெட்கப்பட்டாள். காது மடல்வரை சிவந்துபோய், தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

“ஷிப்ட் வேல சார். அவரு ஹார்ட் அட்டாக்ல போனதுலேர்ந்து ஓவர்டைம் கெடச்சா விடறதில்ல. வீட்டுல ஒண்ணும் சரியாப் பாக்க முடியல. மேல வச்சது அப்படியே மறந்துட்டேன். கழுவிடறேன் சார்.”

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“கழுவ வேணாம்மா” என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அவ அதச் சொல்லல. கழுவாதீங்க.”

தாய் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். படித்தவர்கள் மரியாதைக்குச் சொல்கிற பேச்சு என்று அதை எடுத்துக்கொண்டாள். “இல்ல டீச்சர், கழுவணும். வீட்ட அசிங்கமா வச்சிருக்கேன்னு நெனச்சிருப்பீங்க.”

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. நான் கத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதினால் அது சொந்த எழுத்து, ஒரு பிள்ளை தன் மாதிரி எழுதினால் அது திருட்டா என்று கேட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததை அவள் ஒப்பித்தால் அவள் நேர்மையானவள், அவள் வீட்டில் நடந்ததை எழுதினால் பொய்க்காரியா என்று பயிற்சி நூல் ஆசிரியையைப் பார்த்துக் கேட்டேன். அவர் முகம் வாடிப்போனது. காரிபாப் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

“உங்களுக்குக் கோவம் வருது, எனக்குப் புரியுது” என்றார் தலைமையாசிரியர். அவர் குரல் உயரவே இல்லை. “எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா நாளைக்கி யாராவது புகார் குடுத்தா என்ன சொல்வீங்க? எழுத வச்சிப் பாத்தோம், வேற மாதிரிதான் எழுதுனா, ஆனா எங்களுக்குத் தோணுச்சு, அதனால மொதப் பரிசு குடுத்தோம்னா? போன வருஷம் பட்டது போதும். இந்தப் போட்டியே நின்னுபோனா யாருக்கு நட்டம்?”

மனத்துக்குத் தெரிந்ததை மதிப்பெண் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். ஹெல்மெட் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அவ்வளவு தூரம் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பயிற்சி நூல் ஆசிரியைதான் மனமிரங்கிச் சொன்னார். “குடை நல்லா எழுதிருக்கா. அதுக்கு ஒரு ஆறுதல் பரிசு குடுத்துருவோமே.” தலைமையாசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஹெல்மெட் எழுதியவளுக்கு ஒன்றும் இல்லை, குடையை ஒப்பித்தவளுக்கு ஆறுதல். இப்படி ஒரு தீர்ப்பை மரியாதை ராமன்கூடச் சொல்லியிருக்க மாட்டான்.

தலைமையாசிரியரே வெளியே போய்த் தாயிடம் சொன்னார். “பிள்ளைக்கித் தமிழ் நல்லா வருது. இன்னக்கி எழுதுனா பாருங்க, இதான் போட்டிக்கி வேணும். இப்படியே எழுதட்டும். வீட்டு விசயம், சோகம் இதெல்லாம் வேணாம். பிள்ளைங்க நல்லத எழுதணும்.”

“சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்” என்றாள் தாய். மகளின் தோளை அழுத்தி, “சாருக்கு நன்றி சொல்லு” என்றாள். அவளும் சொன்னாள்.

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போதே செயலாளருக்கு விலகல் செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. நான் எழுந்துபோனால் அந்த நாற்காலியில் இன்னொரு சிவப்புப் பேனா வந்து உட்காரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடமும் அவள் எழுதுவாள், அப்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காரணம்தான் உண்மை. அந்த ஒரு வருடமும் வேலை நேரத்தில் திடீர் திடீரென்று அந்தச் சாய்வான கையெழுத்து ஞாபகம் வரும்.

அடுத்த வருடம் தாள்கள் வந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கட்டுகளை அவிழ்த்துச் சாய்வான எழுத்தைத் தேடினேன். இல்லை. சின்னப் பள்ளி, மூடியிருக்கலாம். தாய் வேலை மாறிப் போயிருக்கலாம். தேடி ஓய்ந்து, வழக்கம்போல் கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டேன். தலைப்பு மறுபடியும் தன்கதைதான், ஆனால் அந்தமுறை சண்டைக்கே இடமில்லை. ‘நான் ஒரு பேனா’ என்று ஒரு கட்டுரை, பிழையே இல்லாமல், மொழியணி நிறைந்து, மணிமணியான கையெழுத்தில் இருந்தது. மூன்று பேரும் அதற்கே அதிக மதிப்பெண் கொடுத்திருந்தோம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தீங்களா எழுத்தாளரம்மா, இந்தத் தடவ நாம ஒத்துப்போயிட்டோம்” என்றார்.

பரிசளிப்பு விழாவில் முதல் பரிசுக்குப் பெயர் கூப்பிட்டதும் இரட்டைச் சடையோடு மேடையேறி வந்தது அவள்தான். ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தாள். கேடயத்தைக் கொடுக்க வேண்டியவள் நான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இந்தத் தடவ ஒழுங்கா எழுதிட்டேன் டீச்சர்.”

கிண்டலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தில் தேடினேன். அப்படியொன்றும் இல்லை. உண்மையாகவே சொன்னாள். கீழே முன்வரிசையில் தலைமையாசிரியர் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

கிள்ளானுக்கு நானும் தாயும் மகளும் ஒரே கொமுட்டரில் வந்தோம். தாய் அன்றைக்குச் சேலை கட்டியிருந்தாள். கேடயத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சார் அன்றைக்குச் சொன்னதால்தான் மகள் திருந்தினாள், பயிற்சி நூல் வாங்கிக் கொடுத்தேன், முழுக்க மனப்பாடம் என்று நிறுத்தாமல் பேசிவந்தாள். சிறுமி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சும்மா ஏதாவது எழுதுவாயா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே அவர்களின் மோட்டார் நின்றிருந்தது. அதன் இரண்டு கண்ணாடிகளிலும் இரண்டு ஹெல்மெட்டுகள் மாட்டியிருந்தன. ஒன்று கறுப்பு. நான் அதைப் பார்ப்பதைத் தாய் கவனித்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“இதான் டீச்சர் அது. அன்னைக்கி வீட்டுக்குப் போனதும் மொத வேல இதான். தூங்கக்கூட இல்ல. உள்ள இருந்த பஞ்செல்லாம் கழட்டி, பவுடர் போட்டு ஊற வச்சி, வெயில்ல காய வச்சேன். இப்பப் பாருங்க.” கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஒரு வாசமும் இல்ல.”

உண்மைதான். சோப்புத்தூளின் எலுமிச்சை வாசம்கூட எப்போதோ போயிருந்தது. அது வெறும் ஹெல்மெட்டாக இருந்தது.

“நல்லாக் கழுவிருக்கீங்க” என்றேன்.

தாய் அதை மகள் தலையில் மாட்டித் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். கேடயத்தை மகளின் கையில் கொடுத்து, பத்திரம் என்றாள். பிறகு தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளித் திருப்பினாள். சிறுமி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் இல்லை, மழையும் இல்லை, மோட்டார் இன்னும் கிளம்பவும் இல்லை. அவள் கையைத் தூக்கி, முகத்தின்மேல் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.